துணைக்கு ஒரு பலகை

வத்தேகமச் சந்தியில் ராஜலிங்கத்தின் வான் வண்டியை நிறுத்த ஒரு கடைக்காரரும் விடமாட்டார். தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தினால் வாடிக்கை போய்விடும் என்பார்கள். நகைக்கடைக்கு முன்னால் நிறுத்தினால் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெள்ளை டொல்பின் வான், பக்கக் கண்ணாடிகளுக்கு ஊதாத் துணி, அவ்வளவுதான். ஆனால் அதில் ஏற்றப்பட்டவர்கள் எழுந்து நடக்கிறதில்லையே! அதனால் அவர் சந்தையின் பின்பக்கம், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். அதே நகைக்கடைக்காரர் வீட்டில் ஒரு சாவு விழட்டும், விடியற்காலை யார் வாசலில் வந்து நிற்பார் என்று நினைக்கிறீர்கள்? “ராஜலிங்கம் அண்ணே, கொஞ்சம் வரணும்” என்று குழைந்துகொண்டு நிற்பார். நம் சனங்களைச் சும்மா சொல்லக்கூடாது. பிணத்தைவிடப் பிண வண்டிக்குத்தான் கூடுதலாகப் பயப்படுகிறார்கள்.

அவர் பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். இருபது வயதில் மரக்கறி லொறியில் கிளீனராக ஏறி, பிறகு சாரதியானார். கல்யாணம் கட்டியது அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த ரத்தினம்மாவை. ஒரே பிள்ளை, சுந்தரி. எண்பத்தோராம் ஆண்டு அவளுக்கு மூன்று வயது. காய்ச்சல் என்று கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலாம் நாள் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மலைக்கு ஏறியது தோட்டத்துக்கு உரம் கொண்டுபோன லொறி ஒன்றுதான். பின்னால் ஆள் ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும் என்று சொல்லி, அதன் சாரதி தாயையும் தகப்பனையும் முன்னால் தன் பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்தான். பெட்டி பின்னால், உரமூட்டைகளுக்கு நடுவில் போயிற்று. மழைக்கு மேலே தார்ப்பாய். லயத்துக்கு முன்னால் நிறுத்தித் தார்ப்பாயை விலக்கினால், வளைவுகளில் உருண்ட பெட்டி கவிழ்ந்து கிடந்தது. ஆணி பெயர்ந்து மூடி கழன்று, கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய உரத்துக்குள் பிள்ளையின் முகம் புதைந்திருந்தது.

“எம் புள்ளைய மூட்டையோட மூட்டையாப் போட்டுட்டீங்களே” என்றாள் ரத்தினம்மா. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ராஜலிங்கம்தான் பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் முகத்தைக் கழுவினார். காதுக்குள்ளும் புருவத்திலும் ஒட்டிய வெள்ளை எவ்வளவு கழுவியும் போகவில்லை. பாவி மனிதர், அந்த வெள்ளையை உயிரோடு இருக்கிறவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, வத்தேகமவுக்குக் குடிவந்து, ரத்தினம்மாவுக்குத் தோட்ட வேலையில் சேர்ந்த சேமலாபப் பணம், தாலிக்கொடி, அவருடைய லொறிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எல்லாவற்றையும் போட்டு, போதாததுக்கு ஒரு கம்பனியில் தவணைக்கு எடுத்து, அந்த வானை வாங்கினார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்று, கல்யாண ஹயருக்கு ஓடு என்று புத்தி சொல்லாதவர்கள் இல்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே பல்லேகலவில் இரும்பு ஒட்டுவேலை செய்கிறவரிடம் கொண்டுபோனார். பின்னால் இருந்த ஆசனங்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பலகை போடச் சொன்னார். பலாப் பலகை. மேலே ஸ்பொஞ்ச், அதற்கு மேல் கறுப்பு றெக்சின். இரும்புக் கால்களை நாலு போல்டில் தரையோடு இறுக்கி, பழைய கார் ஒன்றின் பெல்ட்டையும் பூட்டியிருந்தது. சாரதி இருக்கைக்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சின்ன ஜன்னல் வெட்டச் சொன்னார்.

“என்னத்துக்கு ஜன்னல்?” என்று ஒட்டுவேலைக்காரர் கேட்டார்.

“வளைவு வந்தா சொல்றதுக்கு” என்றார் ராஜலிங்கம்.

அவருடைய தொழிலின் சட்டம் அவ்வளவுதான். தன் வண்டியில் யாரும் தனியாகப் போகக்கூடாது. செத்தவருக்கு வேண்டிய ஒருவர் அந்தப் பலகையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு வரவேண்டும். தெல்தெனிய தாண்டி வளைவுகள் தொடங்கினால் அவர் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போவார். “அக்கா, வளைவு வருது. புடிச்சுக்கங்க.” பின்னாலிருந்து “புடிச்சிருக்கேன்” என்று குரல் வந்தால்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். துணைக்கு ஆளில்லாத அநாதைப் பிரேதம் என்றால் ரத்தினம்மாவே பலகையில் வந்து உட்காருவாள். வாடகை கிடைக்காத அப்படிப்பட்ட ஓட்டங்களும் வருஷத்துக்கு நாலைந்து இருந்தன.

ஒரு கொப்பியும் வைத்திருந்தார். திகதி, எங்கிருந்து எங்கே, செத்தவர் பெயர், கடைசியாக ‘துணைக்கு’ என்று ஒரு கட்டம். ‘துணைக்கு: மனைவி பாலம்மா.’ ‘துணைக்கு: அண்ணன்.’ ‘துணைக்கு: ரத்தினம்.’ அதை ஏன் எழுதினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எழுதிவிட்டுத்தான் சாவியைத் திருகுவார்.

இப்படிப்பட்ட மனிதரின் பிழைப்புக்குள் வருமான வரியும் வந்து புகுந்தது, எப்படி என்று கேட்பீர்கள். கண்டியில் பிரேதத்தைப் பதப்படுத்திப் பெட்டியும் வானும் கொடுக்கிற மலர்ச்சாலைக்காரர் ஒருவர் தன்னிடம் வான் போதாதபோது ராஜலிங்கத்தைக் கூப்பிடுவார். வருஷ முடிவில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவர் கணக்குக் காட்ட, அந்தப் பட்டியலில் இவர் பெயரும் வரி அலுவலகத்துக்கு, வரிக் கந்தோருக்கு, போய்விட்டது. படிவம் வீடு தேடி வந்தது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ராஜலிங்கம் மஹ்ரூப் நானாவிடம் போனார். மஹ்ரூப் நானா வத்தேகமக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

“தொழிலுக்கு வாகனம் வாங்கினா வாங்கின வெலைய வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வருமானத்தில கழிக்க ஏலும், தம்பி” என்று மஹ்ரூப் நானா விளங்கப்படுத்தினார். “சாமான் ஏத்துற வாகனம்னா முழு வெலையையும் கழிக்கலாம். ஆக்கள் போற வாகனம்னா அதுக்கு ஒரு எல்ல இரிக்கி. எல்லைக்கு மேல ஒரு சதமும் கழிக்க ஏலா.”

“பஸ்ஸில ஆளுதானே நானா போறாங்க?”

“அவங்கள்ட்ட ஆக்கள ஏத்த பேமிட் இரிக்கி. ஒங்கள்ட்ட இரிக்கா? செத்துப்போன மையத்துக்கு ஆரு பேமிட் குடுக்கிற?”

“அப்ப என் வண்டியில போறது ஆளா, சாமானா?”

மஹ்ரூப் நானா பேனையைக் காதில் சொருகினார், எடுத்தார், மறுபடி சொருகினார். “மையத்த சாமான்னு எழுத எனக்கும் மனசு வரல்ல. பெட்டின்னு எழுதுறன். பெட்டி சாமான்தானே” என்று சொல்லி, சாமான் வாகனம் என்ற கட்டத்தில் சரி போட்டார். முழுக் கழிவும் கிடைத்தது. வருமானம் வரிக்கு உட்படாத அளவுக்கு இறங்கியது. நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

தொண்ணூற்றேழில் வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வாகனத்தைப் பார்க்கவேண்டும், கொண்டுவா என்று. மஹ்ரூப் நானா பதறிப்போனார். வான் போகுமுன்னே ராஜலிங்கத்தைப் பிடித்து வைத்துப் படிப்பித்தார். “பலகையப் பத்திக் கேட்டா மலர்வளையம் வைக்கிறதுன்னு சொல்லுங்க. வேற ஒண்டும் பேசாதீங்க. வாயக் கட்டுங்க.”

கந்தோரில் பார்க்க வந்த அதிகாரி பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்தவர். கண்டிக்கு மாற்றலாகி வந்து ஆறேழு வருஷம் இருக்கும். சண்டையால் ஊர்ப் பக்கம் போக வழியில்லாமல் போர்டிங் அறையில் தனியே காலம் தள்ளிய மனிதர். வானுக்குள் ஏறி, தயங்காமல் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தார்.

“இதில என்ன வைக்கிறனீங்கள்?”

“மலர்வளையங்க, அய்யா.”

பொன்னுத்துரை தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கவேண்டியது. மஹ்ரூப் நானா வெளியே நின்று மூச்சு விட்டுக்கூட ஆயிற்று. இறங்கும்போது அதிகாரி சும்மா கேட்டார், “சொந்தத் தேவைக்கு இதை ஓடுறதில்லையே? அதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?”

ராஜலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐயோ, அந்த நேரத்தில் அந்த மனிதரின் வாயில் ஒரு வெற்றிலையாவது இருந்திருக்கக் கூடாதா! “ஒரு கல்யாணத்துக்கு, ஒரு கோயிலுக்கு ஓடினதில்லைங்க. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்” என்று சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து நீட்டினார். தன் நேர்மையைக் காட்ட அவரிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

பொன்னுத்துரை வெயிலில் நின்றபடி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “இந்தத் ‘துணைக்கு’ எண்டது என்ன?”

ராஜலிங்கம் வாயைத் திறந்தார். மஹ்ரூப் நானா தலையில் கை வைத்தார். பொய் சொல்ல ராஜலிங்கத்துக்கு நேரம் போதவில்லை, பழக்கமும் இல்லை. “பக்கத்துல உக்காந்து போறவங்க, அய்யா. செத்தவங்களத் தனியா விடுறதில்ல.”

பொன்னுத்துரை அடுத்த பக்கத்தையும் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார். கொப்பியை மூட அவருக்கு நெடுநேரம் எடுத்தது.

“நீங்கள் இதைக் காட்டாமல் விட்டிருக்கலாம்” என்றார் கடைசியில். “இப்ப நான் பாத்திட்டன். பாக்காத மாதிரி எழுத எனக்கு ஏலாது. செத்த ஆளைச் சட்டம் பயணி எண்டு சொல்லேல்லை. பக்கத்தில இருக்கிற ஆள் பயணி. அப்ப இது ஆக்கள் போற வாகனம். நாலு வருசக் கழிவையும் எல்லைக்குள்ள கொண்டுவரவேணும். தண்டமும் சேரும்.”

“எவ்வளவு வரும், அய்யா?”

பொன்னுத்துரை கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். “ஒண்டு செய்யுங்கோ” என்று குரலைத் தாழ்த்தினார். “ஒரு மாதத்துக்குள்ள பலகையைக் கழட்டுங்கோ. பின்னால ஆக்களை ஏத்துறதில்லை எண்டு கையெழுத்து வைச்சுத் தாங்கோ. பிழை விளங்காமல் நடந்தது எண்டு நான் எழுதுறன். என்னால ஏலுமானது அவ்வளவுதான்.”

சட்டத்துக்குள் நின்று அதைவிட நல்லது அவராலும் செய்ய முடிந்திருக்காது. யாரைத் திட்டுவது? வீட்டுக்கு வந்து மஹ்ரூப் நானா கூட்டிக் கழித்துப் பார்த்தார். வரியும் தண்டமும் கட்டினால் தவணை கட்ட முடியாது. தவணை கட்டாவிட்டால் கம்பனிக்காரன் வானைக் கொண்டுபோய்விடுவான். ஆக, பலகை இருந்தால் வான் இல்லை. வான் வேண்டுமென்றால் பலகை இருக்கக்கூடாது. ராஜலிங்கத்துக்கு அப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. இடுப்பு வலியோடு இனி யார் அவருக்கு லொறி கொடுப்பார்கள்?

மூன்று நாள் வானை எடுக்கவேயில்லை. நாலாம் நாள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வானுக்குள் போனார். ரத்தினம்மா வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு போல்டும் துருப்பிடித்திருந்தன. கழன்று வந்த பலகையை அவர் தோளில் வைத்துக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார்.

“எனக்குத் தெரியாமக் கழட்டியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அடுத்த ஏழு மாதம் ராஜலிங்கம் ஓடிய ஓட்டங்களில் பெட்டி தனியாகப் போயிற்று. கூட வருகிறவர்களை முன்னால் ஏற்றிக்கொண்டார், மற்றவர்களை வேறு வாகனம் பிடிக்கச் சொன்னார். பெட்டியை இரண்டு சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினார். கொப்பியில் ‘துணைக்கு’ என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். சனங்கள் ஏசினார்கள். “காசு வந்ததும் பெரிய மனுசனாயிட்டான்” என்று வத்தேகமவில் பேச்சு. பதிலுக்கு எதைச் சொல்வார்? வரிச் சட்டத்தையா சாவு வீட்டில் நின்று படிப்பது? மலை வளைவுகளில் மட்டும் பழக்கம் விடவில்லை. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி “வளைவு வருது” என்பார். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் இவரைப் பைத்தியக்காரனைப் போலப் பார்ப்பார்.

பிறகு அந்த ஒக்டோபர் வந்தது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்து வீரம்மாவின் மகன் மோகனதாஸ், இருபத்திரண்டு வயதுப் பையன், பல்லேகலவில் தையல் தொழிற்சாலையில் வேலை. மூளைக்காய்ச்சலில் ஐந்தாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டான். தகப்பன் முன்னமே இல்லை. பெட்டியை எடுக்க வந்தது தாயும் தாய்மாமன் கறுப்பையாவும்தான். மத்தியானம் இரண்டு மணி, மழை இருட்டிக்கொண்டு வந்தது.

ராஜலிங்கம் பெட்டியைக் கட்டி முடித்து முன்கதவைத் திறந்துவிட்டார். கறுப்பையா ஏறினார். வீரம்மா ஏறவில்லை. பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் எம் மவனோட வாறேன்.”

“பின்னால ஆள் ஏத்தக்கூடாதும்மா. கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

“யாரு வாங்குனா?”

“வரிக் கந்தோர்ல.”

“எம் மவன் செத்ததுக்கும் வரிக்கும் என்னய்யா?” என்று அவள் கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. “அவன் சின்ன வயசுல இருந்தே தனியாப் படுக்க மாட்டான்யா. ஒத்தப் புள்ள. நான் ஒரு மூலையில குந்திக்கிறேன்.”

பலகை வத்தேகமவில், வீட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. வேறு பாதை. போய் எடுத்துப் பூட்டி வர ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். போய் எடுத்து வருவோமா என்று ராஜலிங்கம் நினைத்தார். மழையைப் பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரி வாசலில், அந்தப் பெண்ணின் முகத்தில் சுந்தரியின் தாயைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. ஒரு சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டார்.

“கயித்த ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கங்க, என்ன? பெட்டியப் புடிக்காதீங்க. கயித்த.”

“சரிய்யா.”

சாரதி இருக்கையில் ஏறி, கொப்பியை எடுத்து, ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் எழுதினார். ‘துணைக்கு: தாய் வீரம்மா.’ மனதுக்குள் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்ததாம். பின்னாளில் அவரே ரத்தினம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

தெல்தெனிய தாண்டியது. மழை பிடித்துக்கொண்டது. “அக்கா, வளைவு வருது, புடிச்சுக்கங்க.” “புடிச்சிருக்கேன்.” இன்னொன்று. “புடிச்சிருக்கேன்.” ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில், பதில் வந்த பிறகுதான் திருப்பினார். எதிரே ஒரு பஸ் வளைவை வெட்டிக்கொண்டு இவர் பக்கமே வந்தது. பிரேக்கை மிதித்தார். வான் சறுக்கி மண்மேட்டில் பக்கவாட்டாக இடித்து நின்றது. பஸ் நிற்காமல் போயே போய்விட்டது. கறுப்பையாவுக்கு நெற்றியில் ஒரு கீறல், இவருக்கு அதுவுமில்லை.

“அக்கா” என்றார் ஜன்னல் பக்கம் திரும்பி. “அக்கா, ஒண்ணுமில்ல, நின்னுருச்சு.”

பதில் இல்லை.

பின்கதவைத் திறந்தபோது கயிறு அறுந்து கிடந்தது. அவள் கயிற்றைப் பிடித்திருக்கவில்லை. மகனைத்தான் பிடித்திருந்தாள். பெட்டி அவளையும் தள்ளிக்கொண்டு போய் வானின் இரும்புச் சுவரோடு நெஞ்சை நசுக்கியிருந்தது. இரண்டு கையும் பெட்டியின் மேலேயே இருந்தன. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது சும்மா, மனம் கேட்காமல்.

கறுப்பையா அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து, “இப்ப ரெண்டு பெட்டி வேணும்” என்றார். அடித்திருந்தால் ராஜலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வழக்கு வந்தது. பொலிஸ் கொப்பியை எடுக்கவில்லை, அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மஹ்ரூப் நானா ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டத்தரணி சொன்ன வழி சுலபமானது. வீரம்மா எனக்குத் தெரியாமல் பின்னால் ஏறிவிட்டாள் என்று சொல்லவேண்டும். கறுப்பையாவும் அப்படியே சொல்லத் தயார். தங்கச்சி திரும்பி வரப்போவதில்லை, இந்த மனிதராவது பிழைக்கட்டும் என்றார் அந்த ஏழை. அப்படிச் சொன்னால் ஒரு தண்டப்பணத்தோடு போகும். வரிக் கந்தோரில் கொடுத்த கையெழுத்தும் பொய்யாகாது. வான் மிஞ்சும்.

“கொப்பியில அவ பேர் எழுதின அந்தக் கடதாசியக் கிழிச்சிடுங்க, தம்பி” என்று மஹ்ரூப் நானா கெஞ்சினார். “ஒரே ஒரு கடதாசி. அல்லாவுக்காகக் கிழிச்சிடுங்க.”

ராஜலிங்கம் தலையை ஆட்டினார். எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில், சிங்களத்தில் வந்த கேள்வியை மொழிபெயர்ப்பாளர் கேட்டார், “வானின் பின்பக்கம் என்ன இருந்தது?”

சவப்பெட்டி என்று சொல்லவேண்டும். அதைத்தான் பத்துத் தரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ராஜலிங்கம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் கறுப்பையா இருந்தார், அவருக்குப் பக்கத்தில் ரத்தினம்மா இருந்தாள்.

“ரெண்டு பேரு இருந்தாங்க” என்றார். “மகனும் தாயும்.”

மொழிபெயர்ப்பாளர் இவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார்.

“ரெண்டு பேருங்க. நான்தான் ஏத்தினேன். எழுதியும் வச்சிருக்கேன்” என்று பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றரை வருஷம் சிறை, மறியல். சாரதி அனுமதிப் பத்திரம் இரத்து. ஆள் ஏற்றும் வாகனம் என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு வரிக் கந்தோர் என்ன செய்யும்? நாலு வருஷக் கழிவும் எல்லைக்குள் வந்தது, தண்டமும் வந்தது. பொய்யாகக் கையெழுத்து வைத்தான் என்ற பெயரும் சேர்ந்தது. காப்புறுதிக்காரர்கள் அதே கையெழுத்தைக் காட்டி, செத்த பெண்ணுக்கு ஒரு சதமும் தரமாட்டோம் என்றார்கள். வானைக் கம்பனி எடுத்து ஏலத்தில் விட்டது. அதைப் பேக்கரிக்காரர் ஒருவர் வாங்கி நீல நிறம் அடித்துப் பாண் விற்றார். வத்தேகமச் சந்தியில், அதே நகைக்கடைக்கு முன்னால் நிறுத்தித்தான் விற்றார்.

மறியலிலிருந்து வந்த ராஜலிங்கம் ஹுன்னஸ்கிரியவுக்கே திரும்பிப் போனார். ரத்தினம்மாவின் தம்பிக்குக் கிடைத்த லயத்து அறையில் ஒரு ஓரம். மரக்கறித் தோட்டம் ஒன்றில் காவல் வேலை. வத்தேகமவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சாமான்களில் அந்தப் பலகையும் ஒன்று. ரத்தினம்மா அதில்தான் உட்கார்ந்து கீரை ஆய்வாள். சிறுநீரகம் பழுதாகிக் கால் வீங்கிய பிறகு அதில்தான் சாய்ந்து கிடப்பாள். வீரம்மா இருந்த லயம் ஒரு மேடு தள்ளித்தான். அந்தப் பக்கம் ராஜலிங்கம் போனதில்லை. போகச் சொல்லி ரத்தினம்மாவும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து நாலில் ரத்தினம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கிடந்தாள். ஒரு காலை அவர் மலையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது பலகையையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கொண்டக்டர் அதற்கும் டிக்கட் வெட்டினான். முந்தின நாள் மாலையே, அவள் போய்விட்டாள் என்ற செய்தி மேலே வந்துவிட்டது.

மலர்ச்சாலையிலிருந்து வான் வந்தது. புது வான், பளபளவென்று. சாரதி இளம் ஆள், மரியாதையான பேச்சு. ராஜலிங்கம் பெட்டிக்குப் பக்கத்தில் பலகையை வைத்து, தான் அதில் ஏறப் போனார். சாரதி மெதுவாகக் கையைப் பிடித்தான்.

“பின்னால ஆள் ஏத்த மாட்டோம், அய்யா. சாமான் வாகனம்னு பதிஞ்சிருக்கு. பொலிஸ், வரி எல்லாம் கரைச்சல்.”

“தெரியும்” என்றார் ராஜலிங்கம்.

சாரதிக்கு மனம் கேட்கவில்லை. “பலகைய வேணும்னா வச்சுக்கங்க, அய்யா. அது சாமான்தானே.”

ராஜலிங்கம் பெட்டிப் பக்கம் குனிந்தார். சாரதி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தானே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். வெறும் பலகையைப் பெட்டியோடு ஒட்டி வைத்து அதையும் சேர்த்துக் கட்டினார். முன்னால் வந்து ஏறினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். தகரத் தடுப்பில் ஜன்னல் இல்லை.

தெல்தெனிய தாண்டி முதல் வளைவு வந்தபோது கிழவர் உடம்பைத் திருப்பி, கை முட்டியால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ரத்தினம், வளைவு வருது. புடிச்சுக்க.”

சாரதி ஒரு தரம் அவரைப் பார்த்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான். அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று ராஜலிங்கத்துக்கு மனப்பாடம். லயத்து வாசல் வரைக்கும் ஒன்றைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே போனார்.